சராசரி வேகத்தில் ஒரு வண்டியும் ஓடுவதில்லை

எதிரே முந்தி வந்த வண்டியால் ஒருவர் செத்துப்போன அந்தச் சாலை வளைவைப் பற்றிக் கேட்டதற்கு, கூட்டத்தில் அதிகாரிகளிடமிருந்து கிடைத்த பதிலை நீங்களும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "சராசரி வேகம் வரம்புக்குள்தான் இருக்கிறது" என்றார்கள், கைதட்டலும் கிடைத்தது.

இருவழிச் சாலை ஒன்றில் பத்து டிராக்டர்கள் 20 கி.மீ. வேகத்திலும் பத்து கார்கள் 80 கி.மீ. வேகத்திலும் போனால் சராசரி 50. அந்த 50இல் அங்கே ஒரு வண்டிகூடப் போகவில்லை. ஆளைக் கொல்வது அந்தச் சராசரி அல்ல, 20க்கும் 80க்கும் இடையே உள்ள வித்தியாசமும் அதனால் நேரும் முந்தலும்தான். ஆகவேதான் பொறியாளர்கள் வண்டிகளை வகை பிரித்து, முன்னால் தடையின்றிப் போகிறவற்றை மட்டும் எடுத்து, நூற்றில் 85 வண்டிகள் மீறாத வேகம் எது என்று பார்க்கிறார்கள். பேருந்தின் பின்னால் ஊர்கிற காரின் வேகம் பேருந்தினுடையதே. அதையும் கணக்கில் சேர்த்தால் சராசரி இறங்கத்தானே செய்யும்!

மாணவர்களோடு சேரன்மகாதேவிப் பக்கம் வண்டிகளின் வேகத்தை அளக்கப் போயிருக்கிறேன். நோட்டும் கையுமாக நின்ற எங்களைப் போலீஸ் என்று நினைத்து வந்தவர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்தார்கள். புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகே உண்மையான வேகம் தெரிந்தது. பிசான நெற்பருவ அறுவடையில் பாதிச் சாலையில் நெல் காயும்போது நிலைமையே வேறு. அதிகாரிகளே, உங்கள் ஆட்கள் எந்த மாதத்தில், எங்கே நின்று அளந்தார்கள்?

"ஸ்வீடனின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் நில்சனே சராசரி வேகத்தை வைத்துத்தானே கணக்குப் போட்டார்?" என்று ஒருவர் வருவார். ஆம், சராசரி 5 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடும் என்பது அவருடைய நான்காம் அடுக்கு விதி; வேகம் கூடிய விகிதத்தை நான்கு முறை பெருக்கினால் வருவது அது. அது ஒரே சாலையில் முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றத்தை ஒப்பிடுவதற்கானது. ஒரு வளைவுக்கு நற்சான்றிதழ் வழங்குவதற்கானதன்று. வளைவின் ஆரம், பார்வைத் தூரம், ஓரத்தின் அகலம் ஆகியவற்றைச் சேர்க்காத கணக்கு அந்த வளைவைப் பற்றிய கணக்கே அல்ல. எல்லா வளைவிலும் அளக்கப் பணமில்லை என்பீர்கள். சரி, ஆள் செத்த வளைவிலாவது அளந்து பாருங்கள்.

ஓட்டுநர் கவனமாகப் போக வேண்டும் என்று கீழே கருத்து எழுதப்போகிறவர்களுக்கு வணக்கம். செத்தவரும் கவனமாகத்தான் போயிருப்பார். எதிரே முந்தி வந்தவரின் கவனத்துக்கு அவரா பொறுப்பு?

"வாத்தியாருக்கு ரோட்டைப் பத்தி என்ன தெரியும்" என்று மேடையில் சிரித்தீர்களே, இத்தனை காலம் இதைத்தான் கற்பித்தேன். உங்கள் அலுவலகத்திலேயே என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். வண்டி வாரியான பதிவேட்டைத் தாருங்கள், கூலி கேட்காமல் கணக்கிட்டுத் தருகிறேன். தர மனமில்லை என்றால் "வரம்புக்குள்" என்ற பேச்சை செத்தவரின் வீட்டார் முன்னிலையிலாவது எடுக்காதீர்கள்.