ரிங்கு சிங் வீசிய நான்கு பருவங்கள்

ரிங்கு சிங் என்றதும் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குக் கொல்கத்தா அணியின் இடக்கை மட்டையாளர் நினைவுக்கு வருவார். நான் எழுத வந்திருப்பது அதே பெயரும் அதே உத்தரப் பிரதேசமும் கொண்ட இன்னொரு இடக்கைக்காரரைப் பற்றி. ஈட்டியெறி வீரரான அவர், 2008இல் இந்தியாவில் நடந்த பேஸ்பால் பந்தெறிப் போட்டியில் முதலிடம் பெற்று, அந்த நவம்பரிலேயே, அதே போட்டியில் கலந்துகொண்ட தினேஷ் படேலுடன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அமைப்பில் ஒப்பந்தமானார். அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. அல்லது 2018இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போன கதைக்குத் தாவிவிடுகின்றன. இடையில், மேஜர் லீக் எனும் உச்ச நிலை அணிகளுக்கு வீரர்களை உருவாக்கும் மைனர் லீக்கில் அவர் வீசிய நான்கு பருவங்கள்தாம் அவருடைய உண்மையான சாதனை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரிங்கு ஒரு ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பந்துவீச்சாளர். அந்த வேலை காத்திருப்பில் தொடங்குகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளருக்குத் தன் நாள் எதுவென்று முன்கூட்டியே தெரியும். ரிலீஃப் பிட்சரோ புல்பென் எனும் காத்திருப்பிடத்தில் அமர்ந்திருந்து, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஆறாவது அல்லது ஏழாவது இன்னிங்ஸில் அழைப்பு வந்தால் சில நிமிடங்களில் கையைச் சூடாக்கிக்கொண்டு, பெரும்பாலும் வேறொருவர் விட்டுச்சென்ற நெருக்கடிக்குள் நுழைய வேண்டும். கிரிக்கெட்டைப் போலப் பந்தைத் தரையில் குத்தவிட்டுத் திருப்ப வழியில்லை. ஓடிவந்து வீசவும் முடியாது. இருபது வயதை நெருங்கும்வரை பேஸ்பாலையே தொட்டறியாத ஒருவர், ஆங்கிலத்தையும் ஆட்ட விதிகளையும் ஒருசேரக் கற்றபடி, 2009 ஜூலை 13 அன்று தன் பெயரில் ஒரு வெற்றியைப் பதிவு செய்தார் (பேஸ்பாலில் அணியின் வெற்றி ஒரு பந்துவீச்சாளரின் கணக்கில் சேரும்). அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது.

தினேஷ் 2010இல் அணி ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ரிங்கு ஃப்ளோரிடாவின் தொடக்கநிலை லீக்கிலிருந்து பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜுக்கும், அங்கிருந்து மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனுக்கும் படிப்படியாக உயர்ந்தார். பின்னர் முழங்கை கைவிட்டது. 2012க்குப் பிறகு அவர் அங்கு ஒரு பருவம்கூட வீசவில்லை.

மேஜர் லீக்கை எட்டாததால் இதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மைனர் லீக்கில் நுழைபவர்களில் பெரும்பாலோர் மேலே போவதில்லை. மேலே போகும் சிலரை உருவாக்க அவர்கள் எல்லோருடைய உழைப்பும் தேவைப்படுகிறது. அந்த உழைப்புக்கு நேர்ந்த அநீதிதான் என்னை இதை எழுத வைத்தது. அன்று முதல் பருவ வீரருக்கு மாதம் 1,100 டாலர் அளவில்தான் சம்பளம். அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சிக்கு ஊதியமே இல்லை. இதை எதிர்த்து வீரர்கள் 2014இல் வழக்குத் தொடர்ந்தார்கள். அது நடந்துகொண்டிருந்தபோதே, 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் பெரியதொரு நிதி மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் சேர்த்து, அவர்களைக் கூடுதல் நேர ஊதியப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. கோடிகளில் புரளும் ஒரு தொழிலுக்கு இந்தச் சலுகை எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு நியாயமான பதில் எதுவும் கிடைக்கவில்லை. வழக்கு 2022இல் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு வீரர்கள் சங்கமாகத் திரண்டார்கள்.

அந்தச் சங்கத்தின் 2023 ஒப்பந்தத்தில், மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் ஒன்றான ஏ நிலை வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 11,000 டாலரிலிருந்து 26,200 டாலராக உயர்ந்தபோது, ரிங்கு கடைசியாக வீசிப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. அவர் ஆடிய ஸ்டேட் காலேஜ், சார்ல்ஸ்டன் அணிகளும் அதற்குள், 160 அணிகளை 120 ஆகக் குறைத்த 2021 சீரமைப்பில், மேஜர் லீக் இணைப்பை இழந்துவிட்டிருந்தன.