ஒரு ரவுட்டர், நாலு வாசல்

தொலைத்தொடர்புக் கருவிகளை இறக்குமதி செய்து இந்தியாவில் விற்க அனுமதி வாங்குவது பற்றி இங்கே இரண்டே வகைப் பேச்சுதான் கேட்கிறேன். ஒன்று, "லைசென்ஸ் ராஜ் திரும்பி வந்துடுச்சு" என்கிற புலம்பல். இன்னொன்று, "சைனா பொருளையெல்லாம் மொத்தமா தடை பண்ணுங்க" என்கிற முழக்கம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தொழிலில் காலம் தள்ளுகிறவன் நான். எனக்கு இரண்டிலுமே உடன்பாடு இல்லை. என் குறை வேறு: விண்ணப்பம் போடுகிறவனைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள், விண்ணப்பமே போடாதவனை யாரும் கேட்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுமதியே வேண்டாம் என்கிற கட்சி அல்ல நான். ரேடியோ அலை யாருடைய வீட்டுச் சுவரோடும் நின்றுவிடுவதில்லை. இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் லோரா மாட்யூல், சின்னச் சின்னத் தகவலை ரேடியோ அலையில் வெகுதூரம் அனுப்பும் குட்டிக் கருவி. தண்ணீர்த் தொட்டி மட்டம், மோட்டார் ஸ்டார்ட்டர், வயலில் ஈரப்பதம் என்று இப்போது நம் ஊர் இளைஞர்கள் இதை வைத்து நிறையச் செய்கிறார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காவுக்கான மாடல். அங்கே 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இந்தியாவில் அந்தச் சலுகை 865 முதல் 868 வரைதான். 2005ல் 867 வரை திறந்துவிட்டார்கள், 2021ல் இன்னும் ஒரு மெகாஹெர்ட்ஸ் சேர்த்தார்கள். சரி, 915ல் ஓட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? 890 முதல் 915 வரை இங்கே செல்போன் டவர்கள் உங்கள் போனின் குரலைக் கேட்கும் அலைவரிசை. டவர் காது கொடுத்துக் கேட்கிற இடத்தில் போய் உங்கள் தண்ணீர்த் தொட்டி கத்தினால், பாதிக்கப்படுவது பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸுக்கு அழைக்கிறவர். அந்த மாட்யூலைத் தடுக்க ஒரு வாசல் கட்டாயம் வேண்டும். வாசல் இருப்பதில் எனக்குத் தகராறே இல்லை.

ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். அது இங்கே விற்பனைக்கு வர நாலு வாசல் தாண்ட வேண்டும். முதல் வாசல் டபிள்யூபிசி, அதாவது தொலைத்தொடர்புத் துறைக்குள் அலைவரிசைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. அங்கே இடிஏ என்கிற கருவி வகை ஒப்புதல் வாங்க வேண்டும். இரண்டாவது டெக் எனப்படும் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம். அதன் கட்டாயச் சோதனைத் திட்டத்துக்கு எம்டிசிடிஇ என்று பெயர், உச்சரிப்பதற்குள் சரக்கு துறைமுகத்துக்கே வந்துவிடும். மூன்றாவது பெங்களூரில் இருக்கும் தகவல்தொடர்புப் பாதுகாப்புக்கான தேசிய மையம், இது கருவிக்குள் ஓடும் மென்பொருளின் பாதுகாப்பைப் பார்க்கிறது. நான்காவது பிஐஎஸ், அதாவது பொருள்களின் தரத்தைப் பார்க்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம். இதுபோக, உரிமம் பெற்ற ஒரு இணையச் சேவை நிறுவனத்துக்கு அதன் வலையமைப்பில் பொருத்துவதற்காக விற்கிறீர்கள் என்றால், 2021 ஜூன் 15 முதல் 'நம்பகமான மூலம்' என்கிற ஏற்பாடும் உண்டு: நம்பகமானது என்று அரசு ஏற்ற இடத்திலிருந்து வந்த கருவியைத்தான் பொருத்தலாம். நேற்றுவரை கேபிள் டிவி நடத்தி இன்று பிராட்பேண்ட் கொடுக்கும் அண்ணன்களுக்கு சரக்கும் காசும் போன பிறகுதான் இது தெரிகிறது.

இந்த நாலில் உருப்படியாகச் செய்யப்பட்டது இடிஏதான் என்பேன். அரசைத் திட்டுகிற நாம் இதையும் சொல்ல வேண்டும். முன்பு இதற்கு டெல்லிக்குக் கோப்பு நகர வேண்டும். இப்போது உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் ஓடும் பல கருவிகளுக்கு தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் சுய அறிவிப்பு போதும். அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வகத்தின் ரேடியோ சோதனை அறிக்கையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். மாடல் மாறாதவரை புதுப்பிக்கவும் வேண்டாம். பொய் சொன்னால் பொறுப்பு விண்ணப்பித்தவன் தலையில். இவ்வளவுதான். உலகம் முழுக்க ஐரோப்பா உட்படப் பல நாடுகள் இந்த வழியில்தான் போகின்றன: உற்பத்தியாளரே அறிவிக்கட்டும், நாங்கள் சந்தையில் பிடித்துச் சோதிப்போம் என்று. நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டோம். இரண்டாவது பாதியை அங்கேயே விட்டுவிட்டோம்.

பிஐஎஸ் கதை வேறு மாதிரி. புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான், அதுவும் ரவுட்டரால் அல்ல, கூட வரும் அடாப்டரால். அந்தக் கறுப்புக் கட்டி ஒரு தனிப் பொருள். அதைச் செய்வது பெரும்பாலும் வேறொரு தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையின் பெயரில், அந்த மாடலுக்கு, பிஐஎஸ் பதிவு எண் இருக்க வேண்டும். சோதனை இந்தியாவில் உள்ள, பிஐஎஸ் ஏற்ற ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். வெளிநாட்டு உற்பத்தியாளர் என்றால் இந்தியாவில் ஒரு அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியும் வேண்டும். சீனாவின் ஷென்செனில் இருக்கும் விற்பனைப் பிரதிநிதி "சர்டிபிகேட் எல்லாம் இருக்கு சார்" என்று ஐரோப்பியச் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அது இங்கே செல்லாது. பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதி அறிவிப்பைப் போட்ட பிறகு கஸ்டம்ஸில் அடாப்டர் லேபிளைப் பார்த்துவிட்டு நிறுத்தினால், சரக்கு தேங்குவதற்கான டெமரேஜ் கட்டணம் ஏறுவதை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

டெக் சோதனை நடைமுறையைப் பற்றியும் கொஞ்சம். மின்காந்த இடையூறு, மின் பாதுகாப்பு, தொழில்நுட்ப அளவுகள், ஐபிவி6 என்று ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒரு பட்டியல் உண்டு. சோதனைக்காக ஆய்வகத்துக்குக் கொடுக்கும் கருவி தொடர்ந்து அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும்படி ஒரு தனி மென்பொருள் வேண்டும் என்பார்கள். அதைத் தொழிற்சாலைப் பொறியாளர்தான் தர வேண்டும். பெரிய பிராண்ட் கேட்டால் மறுநாளே வரும். ஐந்நூறு பெட்டி வாங்கும் நம்மைப் போன்றவன் கேட்டால், "ஆர் அண்ட் டி டீமிடம் கேட்டிருக்கிறோம்" என்றே பதில் வரும். எல்லாம் முடிந்து சான்று வந்த பிறகு தொழிற்சாலை சத்தமில்லாமல் ஒரு சிப்பை மாற்றிவிடும், மாடல் எண் மட்டும் அப்படியே இருக்கும். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்ததால் தெரிந்தது. பிரித்துப் பார்க்காத எத்தனை பெட்டிகள் போயிருக்கும்? சான்று தரும்போது நாலு வாசலும் பார்ப்பது விண்ணப்பத்தோடு வந்த மாதிரியையோ அறிக்கையையோதான், பிறகு நடக்கும் அந்தச் சிப் மாற்றம் அங்கே தெரியாது.

எம்டிசிடிஇக்கான விதி வந்தது 2017 செப்டம்பரில். நடைமுறைக்கு வர வேண்டிய தேதி தள்ளித் தள்ளிப் போய் 2019 அக்டோபர் 1 அன்று முதல் கட்டம் ஆரம்பமானது. எதிலிருந்து ஆரம்பித்தார்கள் தெரியுமா? அந்தப் பட்டியலில் ஃபேக்ஸ் மெஷின் இருந்தது. 2019ல்! ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவை சேர்ந்த பிந்தைய கட்டங்கள் 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தன. வீட்டுக்கு வீடு கேமராவும் ரவுட்டரும் நுழைந்த அந்த இடைப்பட்ட வருடங்களில் ஃபேக்ஸ் மெஷின் மட்டும் பத்திரமாக இருந்தது.

அப்புறம் 2023லேயே இன்னொன்றும் நடந்தது. மொபைல் போன், ஸ்மார்ட் வாட்ச், ஸ்மார்ட் கேமரா, கடைகளில் கார்டு தேய்க்கும் பிஓஎஸ் கருவி இவற்றுக்கெல்லாம் எம்டிசிடிஇ வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். ஏற்கெனவே பிஐஎஸ் பார்க்கும் பொருளை இன்னொரு முறை ஏன் பார்க்க வேண்டும் என்று தொழில் அமைப்புகள் கேட்டன, கேட்டது நியாயம், கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கேட்கத் தெரிந்த, கேட்கும் பலம் உள்ள இடத்தில் மட்டும் இந்த நியாயம் வேலை செய்கிறது. சின்ன இறக்குமதியாளனுக்கு டெல்லியில் கதவைத் தட்ட ஒரு சங்கம் கிடையாது. ஒரே பெட்டியின் அதே புகைப்படத்தையும் அதே சர்க்யூட் விவரத்தையும் அவன் ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

இனி சந்தைக்கு வருவோம். சிக்னல் பூஸ்டர் என்று ஒன்று விற்கிறது. கான்கிரீட் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதவர்கள் வாங்கி மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்துவிடுகிறார்கள். அனுமதியின்றி இதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022ல் திரும்பவும் எச்சரித்தது. சிக்னலை முடக்கும் ஜாமருக்கும் அதே எச்சரிக்கை. ஒரு கடையில் பூஸ்டரை அலமாரியில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு இடிஏ எதுவும் இருக்கா?" என்று கேட்டேன். "தம்பி, அதெல்லாம் உங்கள மாதிரி ஆபீஸ் வெச்சிருக்கவங்களுக்கு. இங்க எவன் வந்து கேக்கறான்?" என்றார் சிரித்துக்கொண்டே. அவரிடம் கோபம் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

1933ஆம் வருடத்து வயர்லெஸ் சட்டத்தில் உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது, ஆயிரம் ரூபாய் யாருக்கும் உறைக்காது. 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது, தண்டனைகளும் பெரிதாகியிருக்கின்றன. ஆனால் கடைக்குப் போய்ப் பார்க்க ஆள் இல்லையென்றால் தொகை ஆயிரமாக இருந்தால் என்ன, லட்சமாக இருந்தால் என்ன?

ஒரே ஒரு இடத்தில் காற்று திசை மாறியது. வாக்கி-டாக்கி. 2025ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா, இடிஏ உண்டா என்று எதையுமே சொல்லாமல் வாக்கி-டாக்கிகளைப் பட்டியலிட்டு விற்ற ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பிறகு ரேடியோ கருவிகளை ஆன்லைனில் விற்பதற்கென்றே வழிகாட்டு நெறிகளும் வந்தன. கவனியுங்கள், இதைச் செய்தது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறைக்கென்று இருக்கும் அமைப்பு அல்ல, நுகர்வோர் ஆணையம். விற்பனை நடக்கும் இடத்தில் போய் நின்று கேட்டது. நான் இத்தனை நேரம் சொல்வதும் அதைத்தான்.

நம்மிடம் ஆய்வகம் இல்லாமல் இல்லை. சென்னை தரமணியில் இருக்கும், மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் மின்காந்தச் சோதனைக்குப் பெயர் பெற்றது. ஒவ்வொரு காலாண்டிலும் கடைகளிலிருந்தும் ஆன்லைனிலிருந்தும் சாதாரண வாடிக்கையாளரைப் போல ஒரு கூடைப் பொருள் வாங்கி, அப்படிப்பட்ட ஆய்வகங்களில் சோதித்து, தேறாத மாடல்களின் பெயரை வெளியிட்டாலே போதும். சிப் மாற்றுகிற தொழிற்சாலையும் மாட்டும், அலமாரி அண்ணனும் மாட்டுவார். பிஐஎஸ் பதிவு எண்ணைப் போனிலேயே சரிபார்க்க பிஐஎஸ் கேர் என்ற செயலி இருக்கிறது. இடிஏ எண்ணையும் டெக் சான்றையும் அதே செயலியில் பார்க்க முடிந்தால், அப்பாவுக்கு ரவுட்டர் வாங்கிக் கொடுக்கும் பிள்ளை கடையிலேயே நின்று தட்டிப் பார்த்துக்கொள்வான். இப்படிச் சந்தையில் சோதித்துக்கொண்டு, வாசலில் நாலு விண்ணப்பத்தை ஒன்றாக்கினால் அரசுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பாதுகாப்புச் சோதனைக்கான மதிப்பீட்டுக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பெருமளவு குறைத்தார்கள், ஆகவே குறைக்க முடியாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

"அப்போ சைனாக்காரன் ரவுட்டருக்குள் வேவு மென்பொருள் வைத்தால்?" என்று கமென்ட் வரும், தெரியும். அந்தக் கவலை எனக்கும் உண்டு. இணையத்தோடு இணையும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயமானபோது நான் வரவேற்றுத்தான் எழுதினேன். ஆனால் மென்பொருள் மாதாமாதம் அப்டேட் ஆகிறது. சான்று கொடுத்த அன்று இருந்த பதிப்பு அடுத்த பொங்கலுக்குள் மாறிவிடும். விற்ற பிறகு பார்க்காமல் இதைப் பிடிக்கவே முடியாது.

கடைசியாக, கருவி வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் தொழிற்சாலையிடம் இரண்டு விஷயம் வாங்கி எனக்கு அனுப்புங்கள்: கருவி எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு திறனில் ஓடுகிறது என்ற விவரம், அடாப்டர் லேபிளின் தெளிவான படம். இந்த இரண்டிலேயே பாதி வில்லங்கம் தெரிந்துவிடும். கல்யாண மண்டபத்து வேலைக்கு வாக்கி-டாக்கி கேட்ட நண்பருக்கு: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் குறைந்த திறன் மாடலாகப் பாருங்கள், அதற்கு உரிமம் வேண்டாம், ஆனால் இடிஏ இருக்கிறதா என்று விற்பவரிடம் எண்ணோடு கேட்டு வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய லிங்க்கில் இருப்பது 400 முதல் 470 வரை எங்கே வேண்டுமானாலும் ட்யூன் ஆகிற மாடல், அதை வாங்காதீர்கள்.