இந்த வாரம் என்ன விதி?

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க, போன மாசம் மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள் கல்லூரிக்காரர்கள். இந்த மாசம் நுழைவுத்தேர்வும் எழுதணுமாம். இப்போது நேர்காணல் வேறாம். சரி, பழைய விதியை நம்பிக் கட்டிய விண்ணப்பக் கட்டணம்? "அது திரும்ப வராதுங்க." அந்த ஒரு விதி மட்டும் மாறவே மாறாது, கவனித்தீர்களா?

விளம்பரத்தில் போடுகிற கல்விக் கட்டணம் வெறும் முன்னுரைதான். உள்ளே போனால் வளர்ச்சிக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், நூலகக் கட்டணம், 'இதர' கட்டணம். வரலாறு படிக்கப்போகிற பிள்ளைக்கு எதுக்கய்யா ஆய்வகம்? அந்த வளர்ச்சியில் வளர்வது யார்? 'இதர' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், ஏதோ ராணுவ ரகசியத்தைக் கேட்டதுபோல் முறைப்பார்கள்.

நாம் ஒரு நாள் தாமதித்தால் அபராதம். அவர்கள் சேர்க்கைப் பட்டியலை வாரக்கணக்கில் இழுத்தடித்தால் அதற்குப் பெயர் 'நிர்வாகக் காரணம்'. நம் காரணத்துக்கெல்லாம் பெயரே கிடையாது.

இரண்டாம் ஆண்டில் கட்டணம் ஏறும். கேட்டால் கையேட்டின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டுவார்கள்: "கட்டணம் மாறுதலுக்கு உட்பட்டது." பாதிப் படிப்பில் பிள்ளையை இழுத்துக்கொண்டு எங்கே போவது? போகலாமே, தாராளமாக! மாற்றுச் சான்றிதழுக்கும் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள்.