இருப்பில் இல்லை சார்

எழுத்தாளர் அண்ணாச்சியின் நினைவு நாளுக்கு அவருடைய பதிப்பகம் போட்ட அந்தப் போஸ்டரை மறுபடி இங்கே போடப்போவதில்லை. ஸ்க்ரீன்ஷாட் உங்கள் எல்லார் கையிலும் இருக்கிறது. இரண்டு நாளாக இன்பாக்ஸில் வந்து 'என்னண்ணே, நீங்க ஏன் பேசாம இருக்கீங்க' என்று கேட்டவர்களுக்கும், 'பேசாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது' என்று ரொம்ப அக்கறையாகச் சொன்னவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பேசாமல்தான் இருந்தேன். என் பின்னூட்டத்தைத் தூக்கியிருக்காவிட்டால் இப்போதும் அப்படியே இருந்திருப்பேன்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? அண்ணாச்சியின் நினைவு நாள். அவர் படத்தைப் போட்டு 'தமிழ்ச் சிறுகதையின் தனிக்குரல்' என்று எழுதியிருந்தார்கள். சந்தோஷம். அதற்குக் கீழே, முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு, ஐந்து புதுப் புத்தகங்களின் அட்டைகள். முன்பதிவு செய்தால் 25 சதவீதக் கழிவு. அதையும் விடுங்கள், கடை வைத்திருப்பவர்கள் வியாபாரத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு பெண், கல்லூரி மாணவி போலிருக்கிறது, 'இவருடைய சிறுகதைத் தொகுப்பு எங்கே கிடைக்கும்?' என்று கேட்டிருந்தார். பதிப்பகத்தின் பதில்: 'தற்சமயம் இருப்பில் இல்லை சார். எங்கள் புதிய வெளியீடுகளைப் பார்க்க இந்தச் சுட்டியை அழுத்தவும்.' கேட்டவர் பெயரைக்கூடப் படிக்காத 'சார்'. அதன் கீழே நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'எத்தனை வருடமாக இருப்பில் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்களேன்.' அரை மணி நேரத்தில் அந்த வரி காணாமல் போய்விட்டது.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம். அண்ணாச்சி இறந்து எட்டு வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடமாக அவருடைய ஒரு புத்தகம்கூட அச்சில் இல்லை. நினைவு நாள் போஸ்டர் மட்டும் ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

ஓர் எழுத்தாளருக்கு வாசகர்கள் கூட்டம் போடலாம், நண்பர்கள் கட்டுரை எழுதலாம், சொந்த ஊர்க்காரர்கள் தெருவுக்குப் பெயர் வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். பதிப்பகத்தால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்றுதான், புத்தகத்தை அச்சில் வைத்திருப்பது. அதைச் செய்துவிட்டு நினைவு நாளையே மறந்துபோனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அண்ணாச்சிக்கே தன் பிறந்தநாள் ஞாபகம் இருந்ததில்லை.

உடனே ஒருவர் வருவார், ஏற்கெனவே வந்தும் விட்டார். 'புத்தகத்தை விளம்பரம் செய்வது பாவமா? இந்த இலக்கியவாதிகளுக்கு விற்பனை என்றாலே அலர்ஜி.' ஐயா, எனக்கு அந்த அலர்ஜி கிடையாது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அதற்கு முன்கூட்டியே ஆள் ஆளாகப் பார்த்து, புத்தகத்தை வாங்கிக்கொள்வதாகக் கையொப்பம் சேர்த்தார். இன்றைக்கு நீங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்று என்னமோ நீங்களே கண்டுபிடித்தது மாதிரி அறிவிக்கிறீர்களே, அதேதான். பாரதி 1920இல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, புத்தகத்துக்கு 10,000 பிரதி வீதம் போடப்போகிறேன், முதலீட்டுக்குப் பணம் தாருங்கள் என்று சுற்றறிக்கையே அனுப்பினார். தீப்பெட்டி, மண்ணெண்ணெயைவிட வேகமாக விற்கும் என்று நம்பினார். அதைவிடப் பெரிய விளம்பரத்தை இன்றைய எந்த மார்க்கெட்டிங் மேனேஜர் எழுதிவிட முடியும்? 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவர் விற்றதை யாராவது கேவலம் என்று சொன்னோமா? ஆனால் ஒன்று, செல்லப்பாவின் பைக்குள் புத்தகம் இருந்தது. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிந்தது.

நீங்கள் அண்ணாச்சியை விற்கவில்லை. அவர் முகத்தைக் காட்டி வேறொன்றை விற்கிறீர்கள். என் புகார் இவ்வளவுதான்.

அடுத்தது, 'அச்சடித்தால் யார் வாங்குவார்கள்? காகிதம் விற்கிற விலை தெரியுமா?' தெரியும். 11 வருடம் அதே அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்தவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தியவன் நான். ஆயிரத்து இருநூறு பிரதி போட்டுவிட்டு அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணை வருமா வராதா என்று குடோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். இப்போது 50 பிரதி, 30 பிரதி என்றுகூடத் தேவைக்கேற்ப அச்சடிக்க முடிகிறது. உங்கள் புதுப் புத்தகங்களில் பாதி அப்படித்தான் வருகின்றன என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'இரண்டாம் பதிப்பு' என்று ஒரே மாதத்தில் போடுகிறீர்களே, அந்த முதல் பதிப்பு எத்தனை பிரதி என்று நான் என்றைக்காவது வெளியில் சொல்லியிருக்கிறேனா? 30 பிரதியில் ஒரு புதுக் கவிஞருக்கு இரண்டாம் பதிப்பு வரும் என்றால், 30 பிரதியில் அண்ணாச்சிக்கு ஒரு மறுபதிப்பு வராதா?

இதில் ஒரு நியாயமான சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பழைய ஃபைல்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்கிற பழைய மென்பொருளில், யுனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கின்றன. மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். வேலைதான். அந்த வேலையைக் காசு வாங்காமல் நானே செய்துதருகிறேன் என்று ஏழு மாதத்துக்கு முன்பு வாட்ஸாப்பில் எழுதினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் பதிலாக வந்தது. அந்தக் கட்டைவிரல் இன்னும் அப்படியே நிற்கிறது.

நான் ஏன் காசு வாங்காமல் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை.

அண்ணாச்சியின் கடைசித் தொகுப்புக்கும் நான்தான் மெய்ப்பு. அதில் ஒரு கதையில், ஊரில் பெரிய மனுஷராக வாழ்ந்து நொடித்துப்போன ஒருவர், ஒரு காலத்தில் தன்னிடம் கைகட்டி நின்றவனுடைய வீட்டுக்கே போவார். 'வாசலில் இரந்து நின்றார்', அதாவது கையேந்தி நின்றார் என்று எழுதியிருந்தார் அண்ணாச்சி. புத்தகக் கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்தான். டிசம்பர் கடைசியில் பதிப்பகங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் மூன்று புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டச்சுப் பிழை என்று நினைத்து அந்தச் சின்ன 'ர'வை அடித்துவிட்டுப் பெரிய 'ற' போட்டேன். 'வாசலில் இறந்து நின்றார்.' புத்தகம் அப்படியே வந்துவிட்டது. 300 பிரதி.

கையில் வாங்கிய அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். நேராக என் மேஜைக்கு வந்து 94ஆம் பக்கத்தைத் திறந்து வைத்தார். கத்தவில்லை. 'செத்தவன் எப்படிடே நிப்பான்?' என்று மட்டும் கேட்டார்.

ஒரு பிழைதிருத்தச் சீட்டாவது அச்சடித்து உள்ளே வைக்கலாம் என்று உள்ளே போய்க் கேட்டேன். 'ஒரு எழுத்துக்கு எதுக்குப்பா சீட்டு' என்றார்கள். மறுநாள் மதியம் அண்ணாச்சி மை பேனாவோடு குடோனுக்கு வந்தார். ஒரு கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பிரதியாக எடுத்து, முதுகு உடையாதபடி பாதி மட்டும் திறந்து, 'ற'வின் மேல் ஒரு சின்னக் கோடு, அதன் தலையில் ஒரு 'ர'. மை காய்கிற வரைக்கும் கட்டைவிரலைப் பக்கத்துக்கு நடுவில் கொடுத்துப் பிடித்திருப்பார். அப்புறம் அடுத்தது. நாலு மதியம் ஆனது. நான் செய்கிறேன் என்று கேட்டேன். 'நீ இன்னொரு தடவ பெரிய ற போட்டுருவ, போய் டீ வாங்கிட்டு வா' என்று சிரித்தார். அதற்குள் 38 பிரதி வெளியே போயிருந்தது. அதைச் சொன்னபோது மட்டும் முகம் வாடியது. 'செரி, அந்த முப்பத்தெட்டுல மட்டும் அவரு செத்தே நிக்கட்டும்' என்றார்.

நேற்று முன்தினம் அந்தப் போஸ்டரைப் பார்த்தபோது எனக்கு முதலில் கோபமே வரவில்லை. அண்ணாச்சியின் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. செத்தவரை நிற்க வைக்க போட்டோஷாப் போதும். காலடியில் ஐந்து புதுப் புத்தகத்தை அடுக்கிவிட்டால் ஆயிற்று. உயிரோடு இருந்தபோது ராயல்டிக் கணக்குக் கேட்டு அதே அலுவலக வாசல் பெஞ்சில் அவர் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த 'ர' போடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'இதெல்லாம் வயிற்றெரிச்சல், இவருடைய கட்டுரைத் தொகுப்பை அவர்கள் போடவில்லை' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆமாம், போடவில்லை. நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள், அவர்கள் நினைத்தது சரியாகவும் இருக்கலாம். எனக்கு எரிகிற வயிறு இருப்பதால் அண்ணாச்சியின் புத்தகம் அச்சில் இருக்கிறது என்று ஆகிவிடுமா?

'உரிமை குடும்பத்திடம்தானே இருக்கிறது, அவர்கள் வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டியதுதானே' என்பது இன்னொரு புத்திசாலித்தனம். இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம். அண்ணாச்சியின் மகளிடம் ஒவ்வொரு வருடமும் 'கண்காட்சிக்கு மறுபதிப்பு வந்துரும்மா' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பழக்கமான இடம், மனஸ்தாபம் வேண்டாம் என்று அவரும் காத்திருக்கிறார். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருந்திருந்தால் இத்தனை வருடத்துக்குள் போடாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று ஒரு வரியாவது இருந்திருக்கும். வாய்வார்த்தைக்கு ஏது கெடு? போஸ்டர் ஒவ்வொரு வருடமும் அந்த வாய்வார்த்தையைப் புதுப்பிக்கிறது. அதைப் பார்க்கிற இன்னொரு பதிப்பாளரும் 'ஓ, இவர் அவர்களுடைய ஆசிரியர்' என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

புதுமைப்பித்தன் இறந்தது 1948இல். 2002இல் அவர் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிய பிறகு யார் வேண்டுமானாலும் போடலாம் என்றானது, அவரை இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்கலாம். அண்ணாச்சி அந்த அளவுக்குப் பெரியவர் என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் கழித்துத்தான் எழுத்து பொதுவுக்கு வரும். இன்னும் 52 வருடம். அதுவரைக்கும் 52 போஸ்டர்.

'உயிரோடு இருந்தபோது நீ எங்கே போனாய்?' இதைக் கேட்டவருக்கு மட்டும் என்னால் நக்கலாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த 19 நாளில் நான் ஒரு தடவைதான் போனேன். மறுபடி போகலாம், போகலாம் என்று இருந்தேன். அதுவும் ஒரு ஜனவரி, கண்காட்சி நேரம். நானும் யாருடைய புதுப் புத்தகத்துக்கோதான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதுமா? இதை எழுதிவிட்டேன் என்பதற்காக அவர்கள் செய்தது சரியாகிவிடாது. நான் செய்ததும்தான்.

அப்புறம், அந்தப் போஸ்டரின் கீழே கைகூப்பிய நானூறு சொச்சம் பேரையும் சொல்ல வேண்டும். எட்டு வருடம் முன்பு போனவருக்கு இப்போதுதான் தகவல் வந்தது போல 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதியவர்கள் அதில் 30 பேராவது இருப்பார்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அத்தனை பேரில் புத்தகம் எங்கே என்று கேட்டது அந்த ஒரு பெண்தான். நானூறு பேரும் ஆளுக்கொரு தடவை அதே கேள்வியைக் கேட்டிருந்தால் பொங்கலுக்குள் மறுபதிப்பு வந்திருக்கும். நினைவு நாளில் கைகூப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு கையால் கூப்ப முடியாதுதான், கூப்பி முடித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தப் பெண் நேற்று இரவு இன்பாக்ஸில் வந்தார். முதுகலைத் தமிழ் படிக்கிறாராம், நொடித்துப்போனவர் கதையை யாரோ வகுப்பில் சொல்லிக் கேட்டிருக்கிறார். என்னிடம் இருப்பது ஒரே பிரதி, அண்ணாச்சி அந்தக் குடோனில் திருத்தியதில் ஒன்று. அதை யாருக்கும் கொடுத்தனுப்ப மனசு வராது. ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். பதிப்புரிமை பற்றி எனக்கு வகுப்பெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் அந்த ராயல்டிக் கணக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். இருந்தாலும் முறைக்கு அண்ணாச்சியின் மகளைக் கூப்பிட்டு, 'அக்கா, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?' என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், 'எனக்கும் ஒண்ணு சேத்து எடுத்துருங்க தம்பி' என்றார். 'எங்ககிட்ட இருந்ததை மறுபதிப்புக்கு வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க.'