ரேங்க்கைக் கேட்டீர்கள், புராஜெக்ட்டைக் கேட்டீர்களா?

வெளிநாட்டில் மேற்படிப்பு பற்றி ஞாயிற்றுக்கிழமை ஓடிய நேரலை பற்றித்தான். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். "பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் மாஸ்டர்ஸா? பல்கலைக்கழகம் முதல் நூறு ரேங்க்குக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வேலை தானாக வரும்" என்றார் அந்த ஆலோசகர். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்றால் டி.என்.ஏ., புரதம் போன்ற உயிரியல் டேட்டாவைக் கம்ப்யூட்டரில் அலசும் படிப்பு. நான் கீழே ஒரே ஒரு வரி போட்டேன்: கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை எங்கே செய்ய வைப்பார்கள் என்று விசாரியுங்கள். அவ்வளவுதான். "ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு வயிற்றெரிச்சல்" என்று பதில் வந்தது, சிரிப்பு எமோஜியோடு. அதற்கு முன்னூறு லைக்.

ஆமாம் சார், ஊர்ப் பல்கலைக்கழகம்தான். அதனால்தான் சொல்கிறேன்.

2012இல் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு பெங்களூரில் முதல் இன்டர்வியூ. வகுப்பில் நான்தான் முதல் மார்க். ஒரு டி.என்.ஏ. அல்லது புரத எழுத்து வரிசை (சீக்வென்ஸ்) வேறு எதோடு ஒத்துப்போகிறது என்று தேடும் கருவி பிளாஸ்ட். இரண்டு வருடம் நாங்கள் படித்த பிளாஸ்ட் என்பது, இணையப் பக்கத்தில் சீக்வென்ஸை ஒட்டிவிட்டு பட்டனை அமுக்குவது. அங்கே ஒரு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "இந்த ஃபாஸ்ட்க்யூ ஃபைலில் எத்தனை ரீட் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். டி.என்.ஏ.வைப் படிக்கும் இயந்திரம் தரும் டெக்ஸ்ட் ஃபைல் அது; இயந்திரம் படித்த ஒவ்வொரு துண்டும் ஒரு ரீட். கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு. நான் மவுஸைத் தேடினேன். கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே மேஜை மேல் கையால் துழாவினேன். ஒரு ரீடுக்கு நான்கு வரி. மொத்த வரிகளை எண்ணி நாலால் வகுத்தால் முடிந்தது. ஒற்றை வரிக் கமாண்ட். எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன். அப்பா போனில் கேட்டதற்கு "நல்லா பண்ணிருக்கேன்ப்பா" என்றேன்.

இன்று மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே கேள்வியை நான் கேட்கிறேன். பெரிய பெயர் உள்ள வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர்களில் சிலர், ஒவ்வொரு ரீடும் அட் (@) குறியில்தானே தொடங்குகிறது என்று அந்தக் குறி உள்ள வரிகளை எண்ணுகிறார்கள். தரத்தைக் குறிக்கும் நான்காவது வரியும் அதே குறியில் தொடங்கலாம், கணக்கு உதைக்கும். நிஜ டேட்டாவில் ஒருமுறை அடிபட்டவர்களுக்கு இது தெரியும். ரேங்க் இதைச் சொல்லித் தராது. அந்தக் கடைசி ஆறு மாத புராஜெக்ட்தான் சொல்லித் தரும்.

"அப்போ வெளிநாடே போகக் கூடாதா?" என்று வருவீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 1999லேயே இந்த மாஸ்டர்ஸைத் தொடங்கிவிட்டது. பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் கோ-ஆப் என்று படிக்கும்போதே கம்பெனிக்கு அனுப்புகிறது. ஜெர்மனியில் ட்யூபிங்கனில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோதான் கட்டணம். தாராளமாகப் போங்கள். ஆனால் அமெரிக்காவில் படித்து முடித்தபின் வேலை பார்க்க 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த) படிப்பு என்பதால் மேலும் 24 மாதம்; அப்புறம் கம்பெனி வேலையில் நீடிக்க வருடத்துக்கு 85,000 ஹெச்-1பி வேலை விசா இடத்துக்கு உலகமே நிற்கிற வரிசையில் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேர நேரலையில் இதற்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. கல்விக் கடனுக்கு எந்த வங்கி என்பதற்கு மட்டும் இருபது நிமிஷம்.

"கோடெல்லாம் இனி ஏஐ எழுதிவிடும்." எழுதட்டும். எழுதியது தப்பு என்று யார் கண்டுபிடிப்பார்கள்?

"பிஎச்.டி. இல்லாமல் மேலே போக முடியாதே?" இது நியாயமான கேள்வி. மருந்துக் கம்பெனிகளில் சயின்டிஸ்ட் பதவிகளுக்குப் பெரும்பாலும் பிஎச்.டி. கேட்கிறார்கள், நானே அந்தச் சுவரில் முட்டி நிற்கிறேன். அதற்கு ஆய்வுக்கூடமும் வழிகாட்டியும்தான் முக்கியம். அங்கேயும் பாருங்கள், யாரிடம் என்ன வேலை செய்தாய் என்றுதான் கேட்கிறார்கள்.

"உன் அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் சொல்லாதே" என்று ஒரு அண்ணன். சரி அண்ணே. அந்த ஆலோசகர் யாருடைய அனுபவத்தை வைத்துச் சொன்னார்? சேர்க்கைக்கு ஆள் பிடித்தால் கமிஷன் வாங்குகிறவரிடம் அதைக் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லையே.

அப்புறம் அந்த "ஊர்ப் பல்கலைக்கழகம்." புரத அமைப்பு படிக்கிற எவரும், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தாண்டிப் போக முடியாது. 1963இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதுவும் ஊர்ப் பல்கலைக்கழகம்தான். இதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை, எனக்கே தெரியும். எழுத வேண்டும் போல் இருந்தது, எழுதினேன்.

பிள்ளைகள் இன்பாக்ஸில் கோர்ஸ் பிரோஷர் அனுப்பி "அக்கா, இது நல்ல கோர்ஸா?" என்கிறார்கள். போன வருட பேட்ச்சில் இரண்டு பேரைப் பிடி, புராஜெக்ட் எங்கே செய்தாய், லினக்ஸில் (அந்தக் கறுப்புத் திரையில்) செய்தாயா, யாருடைய டேட்டா என்று கேள் என்கிறேன். ஒரு தங்கச்சி நேற்று அப்படியே கேட்டிருக்கிறாள். பதில் சொன்னவன் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆய்வுகளைத் தொகுத்து ரிவ்யூ கட்டுரை எழுதினானாம். முதல் நூறுக்குள் இருக்கிற இடம்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பார்த்தேன். என் கமெண்ட்டை நீக்கிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் பதில் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது நானூறு லைக்.