ராம்போ 3 சினிமாவின் கடைசி வரியை யாரும் மாற்றவில்லை

ராம்போ என்ற ஹாலிவுட் சினிமாவின் மூன்றாம் பாகம் முதலில் 'வீரமிக்க முஜாஹிதீன்களுக்கு' (சோவியத் படையை எதிர்த்த ஆப்கான் போராளிகளுக்கு) என்று சமர்ப்பணத்தோடு வந்தது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி அந்த வரியைக் காட்டும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் மறுபடி சுற்றுகிறது. தயவுசெய்து பகிராதீர்கள், அது பொய். 1988 மே மாதம் தியேட்டருக்கு வந்தபோதே கடைசியில் இருந்தது 'ஆப்கானிஸ்தானின் வீரமிக்க மக்களுக்கு' என்ற வரிதான், அந்த வருடத்து விமர்சனங்களிலேயே அதைப் பார்க்கலாம். சுற்றுகிற ஸ்க்ரீன்ஷாட்டில் இருப்பது யாரோ ஒட்டவைத்த எழுத்து.

சரி, ஏன் இவ்வளவு பேர் நம்புகிறார்கள்? கதையில் முஜாஹிதீன்கள் நிஜமாகவே நாயகர்கள், குதிரையில் வந்து சோவியத் படையோடு மோதுகிறார்கள், ராம்போ அவர்கள் பக்கம்தான் நிற்கிறான். அதைத் தாராளமாக விமர்சிக்கலாம். ஆனால் 'தாலிபானோடு சேர்ந்து சண்டை போட்டான்' என்பதும் தப்பு, தாலிபான் உருவானதே 1994 இல்.