மாற்றி எழுதும் உரிமைதான் முக்கியம்
திறந்த கல்வி வளங்கள் (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றி எழுதவும் அனுமதியுள்ள பாடநூல்கள், காணொளிகள்) கொட்டிக் கிடக்கின்றன, மாணவர்களுக்குத்தான் ஆர்வமில்லை என்று இங்கே வந்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கடலூரில் இளங்கலை மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் திட்டத்தின் புள்ளியியல் புத்தக இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், யாரும் தொடவில்லை. டாலர் கணக்கும் அந்த ஊர் உதாரணமும் அவர்களுக்கு எப்படி ஒட்டும்? ஆனால் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த புத்தகம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றி எழுதலாம். துறைமுகத்து மீன் ஏல விலை, பண்ருட்டிப் பலாப்பழத்தின் எடை என்று கணக்குகளை மாற்றி, விளக்கத்தைத் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு) என்றாலே மிரண்ட பிள்ளைகள், வஞ்சிரம் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது, மத்தி விலை ஏன் அவ்வளவு மாறுவதில்லை என்று தங்களுக்குள்ளேயே வாதம் செய்தார்கள். பார்க்கவே அவ்வளவு சந்தோஷம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இணையத்தில் தரும் என்பிடெல் பாடக் காணொளிகளே போதும் என்கிறார். 2003இல் தொடங்கிய அருமையான முயற்சி அது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் காணொளியை மட்டும் பார்த்து எங்கள் பிள்ளைகளால் பாடத்தைப் பிடிக்க முடிவதில்லை, கையில் தமிழில் ஒரு தாள் வேண்டும். அதை எழுதும் ஆசிரியருக்குப் பணிநேரத்தில் இடமும் பதவி உயர்வில் மதிப்பும் கொடுங்கள். திறந்த வளங்களை உருவாக்கவும் தழுவி எழுதவும் ஆசிரியர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்றுதான் யுனெஸ்கோவின் 2019 பரிந்துரையும் அரசுகளைக் கேட்கிறது.